எரிசெய்ரா, பெனீஷ், நசரே: லிஸ்பனுக்கு வடக்கே எந்தக் கடலோர ஊரில் தங்குவது?

போர்ச்சுகல் போகிறவர்கள் லிஸ்பனைச் சுற்றி முடித்த பிறகு கையில் இரண்டு மூன்று நாள் மிச்சம் இருந்தால், அட்லாண்டிக் கரையில் ஒரு பழைய மீனவர் ஊரில் போய்த் தங்கலாமே என்று நினைப்பது வழக்கம். அப்போது மூன்று பெயர்கள் அடிபடும்: எரிசெய்ரா, பெனீஷ், நசரே. மூன்றும் மீன்பிடித்து வளர்ந்த ஊர்கள். மூன்றிலும் இன்று சர்ஃபிங் (அலைச்சறுக்கு) பலகையைத் தூக்கிக்கொண்டு உலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். படத்தில் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. வெள்ளைச் சுவர், செங்குத்துப் பாறை, நுரை, மத்தி மீன் சுடும் புகை. நேரில் போனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பருவம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு ஊர்தான் பார்க்க முடியும் என்றால் நான் பெனீஷைச் சொல்வேன். மூன்றில் பார்வைக்கு அழகு குறைந்த ஊர் அதுதான். இருந்தும் ஏன் அதைச் சொல்கிறேன், யாருக்கு அது ஒத்துவராது என்பதுதான் கீழே இருப்பது.

தூரக் கணக்கு எளிது. எரிசெய்ரா லிஸ்பனிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர். பெனீஷ் 100-ஐ ஒட்டி, நசரே 120-ஐ ஒட்டி. மூன்றுக்கும் லிஸ்பனிலிருந்து பஸ் இருக்கிறது. ரயிலை நம்பித் திட்டம் போட வேண்டாம். எரிசெய்ராவுக்கும் பெனீஷுக்கும் ரயிலே கிடையாது. நசரேக்குப் பக்கத்தில் உள்ள ஸ்டேஷன் வலாடோ, ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கார் இருந்தால் மூன்றுமே வசதி. கார் இல்லாமல் போவதாக இருந்தால் எரிசெய்ராவுக்கு அந்த ஒரு விஷயத்தில் முதலிடம். பஸ்ஸிலிருந்து இறங்கி, தங்குமிடம், கடை, கடற்கரை எல்லாவற்றுக்கும் நடந்தே போய்விடலாம்.

நசரே: அந்தப் படமும் அந்த மாதமும்

நசரே என்றதும் எல்லோருக்கும் ஒரே படம்தான் கண்முன் வரும். சிவப்பு விளக்கு மாடம் வைத்த ஒரு சின்னக் கோட்டை, அதன் மொட்டை மாடி நிறைய ஜனங்கள், பின்னால் ஏழெட்டு மாடி உயரத்துக்கு எழும்பி நிற்கும் தண்ணீர், அதன் சரிவில் புள்ளியாக ஒரு மனிதர். படத்தில் ஜோடிப்பு எதுவும் இல்லை. 2011 நவம்பரில் ஹவாயைச் சேர்ந்த காரெட் மெக்நமாரா இங்கே 78 அடி அலையில் சறுக்கியபோதுதான் உலகம் இந்த ஊரைத் திரும்பிப் பார்த்தது. 2017-இல் பிரேசிலின் ரோட்ரிகோ கோஷா 80 அடி. 2020 அக்டோபர் 29 அன்று ஜெர்மனியின் செபாஸ்டியன் ஸ்டாய்ட்னர் 86 அடி. அதே ஆண்டு பிப்ரவரியில் பிரேசிலின் மாயா கபேய்ரா 73.5 அடி அலையில் இறங்கிப் பெண்களுக்கான சாதனையை எழுதினார். 2013-இல் இதே கடலில் மூழ்கி, நினைவில்லாமல் கரைக்கு இழுத்து வரப்பட்டு, மணலில் கிடத்தி மூச்சு கொடுத்துப் பிழைக்க வைக்கப்பட்டவர் அவர். அதன் பிறகும் அதே இடத்துக்குத் திரும்பி வந்தார்.

இவ்வளவு பெரிய அலை இந்த ஒரு இடத்தில் மட்டும் எழுவதற்குக் காரணம் கடலுக்கடியில் இருக்கிறது. ஆழ்கடலிலிருந்து கரையை நோக்கி 200 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒரு பெரும் பள்ளத்தாக்கு, நசரேயின் பாறை முனைக்கு எதிரே வந்துதான் முடிகிறது. அதன் அடி ஆழம் தொலைவில் 5,000 மீட்டர் வரை போகும். புயலில் பிறந்து வரும் அலைக்கு ஆழமான தண்ணீரில் வேகம் குறையாது, ஆழம் குறைந்த இடத்தில் தரை தடுத்து வேகம் குறைந்துவிடும். ஆக, பள்ளத்தாக்கின் மேல் வரும் பாதி அலை முன்னே ஓடி, வளைந்து திரும்பி, பக்கத்தில் மெதுவாக வரும் மீதி அலையோடு வடக்குக் கடற்கரையில் மோதிச் சேர்கிறது. கரையோரமாக வரும் நீரோட்டமும் எதிரே வந்து தூக்கிவிட, உயரம் இரட்டிக்கிறது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. பாறை முனைக்கு இந்தப் பக்கம், ஊருக்கு முன்னால் உள்ள தெற்குக் கடற்கரையில் அதே நாளில் அலை அவ்வளவு பெரிதாக இருக்காது. ஒரே பாறை முனைக்கு இரண்டு பக்கமும் இரண்டு வேறு கடல்கள்.

ஆனால் அந்தப் படம் எடுத்த மாதத்தை யாரும் பார்ப்பதில்லை. பெரிய அலைக்கான பருவம் அக்டோபரிலிருந்து மார்ச் வரை. அந்தப் பருவத்திலும் தினம் தினம் வராது. வட அட்லாண்டிக்கில் எங்கோ ஒரு பெரும் புயல் உருவாகி, அதன் அலை மேற்கு, வடமேற்குத் திசையிலிருந்து சரியான இடைவெளியோடு வந்து, இங்கே காற்றும் கரையிலிருந்து கடலை நோக்கி மெதுவாக வீச வேண்டும். இத்தனையும் கூடிவரும் நாட்கள் சொற்பம். ஜூலையில் குடும்பத்தோடு போய் அதே கோட்டை மாடியில் நின்றால் தெரிவது வெயிலும் நீலமும் சாதாரண அலையும்தான். ஆகவே அலைக்காக மட்டும் போகிறவர் நசரேயில் மூன்று மாதத்துக்கு முன்பே அறை பிடித்து வைப்பதில் அர்த்தமே இல்லை. பெரிய அலை வருமா என்பது மூன்று நாளைக்கு முன்புதான் ஓரளவு உறுதியாகத் தெரியும். அங்கே நடக்கும் உலகப் போட்டிக்குக்கூட நாள் குறிப்பது அப்படித்தான். பல மாதங்களுக்கு ஒரு காத்திருப்புக் காலத்தை அறிவித்துவிட்டு, அலை வரும் நாளை மட்டும் பிடிப்பார்கள். பயணியும் அதே வழியில் போவதுதான் புத்தி. வேறு ஊரில் தங்கி, முன்னறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்து, அந்த ஒரு நாளுக்குக் கிளம்பிப் போக வேண்டும்.

அலை இல்லாத நசரே போகத் தகுந்த ஊரா? தகுந்த ஊர்தான், ஆனால் கடற்கரையில் ஏமாற வேண்டாம். ஒரு காலத்தில் இங்கே துறைமுகம் இல்லை. நெடிய மூக்கு வைத்த படகுகளை அலைக்குள்ளேயே தள்ளி இறக்கினார்கள், அலை வழியாகவே திரும்பி வந்தார்கள். திரும்பி வராதவர்களும் ஏராளம். 1980-களில் ஊருக்குத் தெற்கே துறைமுகம் கட்டிய பிறகு தொழில் அங்கே போய்விட்டது. இன்று மணலில் வண்ணம் பூசி நிற்கும் படகுகள் காட்சிக்கு வைத்தவை. நம் ஊர்க் கரைவலை மாதிரியே கரையில் நின்று இழுக்கும் வலை இங்கேயும் இருந்தது. இப்போது கோடைக் காலத்தில் சில நாள் மட்டும் பார்வையாளர்களுக்காக இழுத்துக் காட்டுகிறார்கள்.

உண்மையில் இன்னும் நடந்துகொண்டிருப்பது கருவாட்டு வேலை. கடற்கரை மணலிலேயே ஓர் ஓரத்தில் வரிசையாக மரச் சட்டங்கள், அதன் மேல் இழுத்துக் கட்டிய வலை. சிறிய மீன்களின் வயிற்றைக் கீறிக் குடல் எடுத்து, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, புத்தகம் விரித்த மாதிரி பிளந்து வைக்கிறார்கள். தலை எல்லாம் ஒரே பக்கம் பார்த்திருக்கும். பெண்கள் சட்டத்துக்குச் சட்டம் நடந்து, ஒவ்வொரு மீனாகத் திருப்பிப் போடுகிறார்கள். நன்றாகக் காய்ந்தது ஒரு விலை, ஒருநாள் வெயில் மட்டும் பட்டு ஈரம் மிச்சம் இருப்பது இன்னொரு வகை. அதைச் சுட்டுத் தின்பதற்கென்றே வருகிறவர்கள் இருக்கிறார்கள். பின்னாலேயே விற்பனையும் நடக்கும். கருவாட்டு வாசனை பழகிய மூக்குக்கு அந்த இடத்தைவிட்டு நகர மனம் வராது. அங்கே வேலை செய்யும் வயதான பெண்களில் சிலர் இன்றும் அடுக்கடுக்காகப் பாவாடை கட்டியிருப்பதைப் பார்க்கலாம். ஏழு பாவாடை என்பது ஊர் வழக்கு. படகு திரும்பும் வரை குளிர்காற்றில் மணலில் உட்கார்ந்து காத்திருந்தவர்களுக்கு அது போர்வையாகவும் இருந்தது என்று சொல்வார்கள்.

பிறகு மேலே சீத்தியோ. கடற்கரையிலிருந்து நூறு மீட்டருக்கு மேல் செங்குத்தாக எழும் பாறை உச்சியில் இருக்கும் பழைய குடியிருப்பு. 1889 முதல் ஓடும் இழுவை ரயிலில் ஏறிப் போகலாம். உச்சியின் விளிம்பில் ஒரு சின்னஞ்சிறு கோயில். 1182-இல் பனிமூட்டத்தில் மானைத் துரத்திக் குதிரையில் வந்த ஃபுவாஸ் ரோபின்யோ என்ற பிரபு, விளிம்பில் மாதாவைக் கூப்பிட்டுக் குதிரை நின்றுவிட்டது என்பது அதன் கதை. எதிரே பெரிய நசரே மாதா ஆலயம். வாஸ்கோ ட காமா இந்தியாவுக்குக் கிளம்பும் முன் இங்கே வந்து கும்பிட்டார் என்று ஊரில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். ஊர்த் திருவிழா செப்டம்பர் 8. வேளாங்கண்ணிப் பெரிய திருவிழாவும் அதே நாள்தான், இரண்டுமே மாதாவின் பிறந்தநாள். அந்த வாரத்தில் போகிறவர்கள் அறையை வெகு முன்பே பிடித்துவிட வேண்டும்.

ஆகஸ்டில் மட்டும் நசரேயை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கடற்கரை முழுக்கக் கூடாரம், தெரு முழுக்கக் கார், வாடகை உச்சத்தில். மே, ஜூன் நல்ல மாதங்கள். அருகில் 15 கிலோமீட்டருக்குள் அல்கொபாசா மடாலயம் இருக்கிறது, அதைப் பார்க்க அரை நாள் ஒதுக்குவது வீண் போகாது.

எரிசெய்ரா: சர்ஃபிங் பக்கம் சாய்ந்த மீனவர் ஊர்

எரிசெய்ராவைப் பிடிக்காதவர்கள் அபூர்வம். வெள்ளைச் சுவருக்கு நீலக் கரை போட்ட வீடுகள், பாறைமேல் குறுகிய தெருக்கள், ஒவ்வொரு தெரு முனையிலும் கடல். பாறைக்குக் கீழே மீனவர் கடற்கரை. அங்கேயிருந்துதான் 1910 அக்டோபர் 5 அன்று, லிஸ்பனில் குடியரசு அறிவிக்கப்பட்ட அதே நாளில், கடைசி அரசர் இரண்டாம் மனுவேல், தாயும் பாட்டியும் உடன் வர, மீனவர் படகுகளில் ஏறிக் கடலில் நின்ற அரச கப்பலுக்குப் போனார். பக்கத்தில் மாஃப்ரா அரண்மனையிலிருந்து வந்தவர்கள், நாடு திரும்பி ஆளவே இல்லை. போர்ச்சுகலின் பல நூற்றாண்டு முடியாட்சி இந்தச் சரிவுப் பாதையில் இறங்கி முடிந்தது. படகுகள் இன்றும் அதே சரிவில் மேலே இழுத்து நிறுத்தப்படுகின்றன. எண்ணிக்கைதான் குறைந்துவிட்டது.

2011-இல் இந்தக் கரையின் ஒரு பகுதி உலக சர்ஃபிங் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஐரோப்பாவில் அதுதான் முதல். சில கிலோமீட்டருக்குள் தரமான ஏழு அலை இடங்கள் வரிசையாக இருப்பது காரணம். அவற்றில் கோஷோஸ் என்ற இடம் கைதேர்ந்தவர்களுக்கு மட்டும். ரிபெய்ரா டி இல்யாஸ் போட்டிகள் நடக்கும் இடம். கற்றுக்கொண்டு ஓரளவு நிற்கத் தெரிந்தவர்கள் அங்கே போகலாம். பார்வையாளருக்கும் அதுதான் நல்ல இடம், மேலே உட்கார்ந்து மணிக்கணக்கில் பார்க்கலாம். இங்கே அலை பெரும்பாலும் பாறைத் தரையின் மேல் உடைகிறது. வடிவம் ஒரே சீராக வருவதும் அதனால்தான், விழுந்தால் அடிபடுவதும் அதனால்தான். முதன்முதலாகப் பலகையில் ஏறுகிறவர்கள் ஊருக்குத் தெற்கே ஆறு கடலில் சேரும் லிசாந்த்ரோ முகத்துவாரத்துக்குப் போக வேண்டும். அங்கே மணல்.

எரிசெய்ராவில் எனக்குள்ள வருத்தம் ஒன்றுதான். ஊர் சர்ஃபிங்கின் பக்கம் ரொம்பவே சாய்ந்துவிட்டது. மடிக்கணினியோடு மாதக்கணக்கில் தங்குகிறவர்கள், அவர்களுக்கேற்ற காபிக் கடைகள், பலகைக் கடைகள், யோகா வகுப்புகள். வாடகை ஏறி, ஊர்ப் பிள்ளைகள் ஊருக்கு வெளியே வீடு தேடும் நிலை. மீன்பிடி இன்னும் இருக்கிறது, ஆனால் தேடிப் போனால்தான் கண்ணில் படும். அந்தக் காபிக் கடைகளால் ஒரு லாபமும் உண்டு: சைவக்காரர்களுக்கு மூன்று ஊர்களில் இதுதான் சுலபம். மற்ற இரண்டிலும் காய்கறி சூப் என்று கொண்டுவந்து வைப்பதில்கூடப் பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கலாம், கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும்.

லிஸ்பனிலிருந்து ஒரே நாளில் போய் வர வேண்டுமா, சின்னக் குழந்தைகளோடு போகிறீர்களா, மாலையில் நடக்க அழகான தெரு வேண்டுமா, எரிசெய்ரா போதும். கோடையில் காலை நேரம் மூடுபனி பல நாள் இருக்கும், மதியத்துக்கு மேல்தான் விலகும். அதைப் பார்த்துச் சோர்ந்துபோய்க் கிளம்பிவிட வேண்டாம். பத்து கிலோமீட்டரில் மாஃப்ரா அரண்மனை இருக்கிறது, பனி விலகும் வரை அங்கே போய்வரலாம்.

பெனீஷ்: அழகு குறைந்த ஊர், ஆழம் அதிகம்

பெனீஷ் ஒரு காலத்தில் தீவு. மணல் சேர்ந்து சேர்ந்து கரையோடு ஒட்டி மூக்கு மாதிரி கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. இந்த உருவம்தான் ஊரின் மொத்த வாழ்க்கைக்கும் அச்சாணி. வடக்கே ஒரு விரிகுடா, தெற்கே ஒன்று. வடக்குக் காற்று அடித்து ஒரு பக்கம் கடல் கலைந்து கிடந்தால், மறுபக்கம் அதே காற்று கரைக்காற்றாக மாறி அலையைச் சீவி நிறுத்தும். ஆக, எந்த நாளிலும் ஏதோ ஒரு பக்கம் இறங்க முடியும். கோடையில் இந்தக் கரை முழுக்கப் பிற்பகலில் பலத்த வடக்குக் காற்று அடிக்கும். மற்ற ஊர்களில் அதோடு அன்றைய சர்ஃபிங் முடிந்தது. பெனீஷில் தெற்குப் பக்கம் போனால் போதும். இரண்டு மூன்று நாள் மட்டும் இருக்கிற பயணிக்கு இதைவிடப் பெரிய உத்தரவாதம் வேறில்லை.

தெற்குப் பக்கம்தான் சூப்பர்டூபோஸ். குழாய் போலச் சுருண்டு, மணலுக்கு மிக அருகில் பலமாக உடையும் அலை. 2009 முதல் உலகச் சாம்பியன் பட்டத்துக்கான சுற்றின் ஒரு கட்டம் இங்கே நடந்துவருகிறது, 2022 முதல் 2025 வரை அது மார்ச் மாதத்தில் நடந்தது. நசரேயில் அலையைப் பாறை உச்சியிலிருந்து தூரத்தில் பார்க்கிறோம். இங்கே மணலில் நின்றால் சர்ஃபர் குழாய்க்குள் மறைந்து வெளியே வருவது முகத்துக்கு நேரே நடக்கிறது. அலை உடையும் சத்தம் காலில் தெரியும். கற்றுக்கொள்கிறவர்களுக்கு வடக்கே பலியால். மெல்லிய மணல் திட்டால் இணைந்த குட்டித் தீவு, இரண்டு பக்கமும் வளைந்த மணற்கரை, ஆழம் மெதுவாகக் கூடும். சர்ஃபிங் பள்ளிகள் அங்கேதான் குவிந்திருக்கின்றன. என் கணக்கில், முதல்முறை கற்க மூன்று ஊர்களில் இதற்கு நிகர் கிடையாது.

மீன்பிடியும் இங்கே இன்னும் பெரிய தொழில். துறைமுகத்தில் மத்தி பிடிக்கும் படகுகள் அணிவகுத்து நிற்கும். அவை வைத்திருப்பது சுருக்குமடி வலை, நம் கடலோரத்தில் நீதிமன்றம் வரை போன அதே வகை. மத்தி வளம் குறைந்ததால் இங்கேயும் எவ்வளவு பிடிக்கலாம், எந்த மாதம் பிடிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு உண்டு. மத்தி கொழுத்து ருசிப்பது ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். குளிர்காலத்தில் தட்டில் வருவது பெரும்பாலும் உறைய வைத்தது. அப்போது மத்தியைக் கேட்காமல், பல வகை மீனும் உருளைக்கிழங்கும் தக்காளியும் அடுக்கிக் கொதிக்க வைக்கும் கல்தெய்ராதா குழம்பைக் கேளுங்கள். புளி இல்லை, காரம் இல்லை, ஆனாலும் மீன் அன்றைக்கு வந்தது என்பது முதல் வாயிலேயே தெரிந்துவிடும்.

வலை இருக்கும் இடத்தில் சரிகைப் பின்னலும் இருக்கும் என்று போர்ச்சுகலில் ஒரு சொலவடை உண்டு. பெனீஷில் அது கண்கூடு. உருளைத் தலையணை ஒன்றை மரத்தாங்கியில் வைத்து, அதன் மேல் கோலம் குத்திய அட்டையைச் சுற்றி, புள்ளிக்குப் புள்ளி குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சின்ன மரக்கட்டைகளை இரண்டு கையாலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிறார்கள். கட்டைகள் ஒன்றோடொன்று மோதும் டக்டக் சத்தம் ஓயாமல் கேட்கும். பின்னுகிறவர் அட்டையைப் பார்க்கிறார், கையைப் பார்ப்பதில்லை. ஒரு விரல் அகலம் நீள்வதற்கே எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள், அதன் விலையைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டார்கள். ஊரில் இதற்கென அருங்காட்சியகமும் இருக்கிறது.

ஆனால் பெனீஷுக்குப் போகச் சொல்ல எனக்குள்ள முதற்காரணம் கோட்டை. சலசார் நிறுவிய சர்வாதிகார ஆட்சி 1934 முதல் 1974 வரை இதை அரசியல் கைதிகளின் சிறையாக வைத்திருந்தது. மூன்று பக்கமும் கடல், தப்ப முடியாது என்ற நம்பிக்கை. 1960 ஜனவரி 3 மாலை கம்யூனிஸ்ட் தலைவர் ஆல்வரோ குன்யாலும் இன்னும் ஒன்பது பேரும் தப்பினார்கள். காவலர் ஒருவர் அவர்கள் பக்கம் இருந்தார். தன் பெரிய மேலங்கிக்குள் ஒவ்வொருவராக மறைத்து முற்றத்தைக் கடக்க வைத்தார். முடிந்து கட்டிய படுக்கை விரிப்புகளைப் பிடித்துச் சுவரிலிருந்து இறங்கினார்கள். 1974 ஏப்ரல் 25 புரட்சிக்கு இரண்டு நாள் கழித்து மீதிக் கைதிகள் விடுதலையானார்கள். 2016-இல் இந்தக் கோட்டையைச் சொகுசு விடுதிக்கு விடும் திட்டம் வந்தபோது, பழைய கைதிகளும் பொதுமக்களும் எதிர்த்து நின்று அதைத் தடுத்தார்கள். விடுதலையின் 50-ஆம் ஆண்டு நாளான 2024 ஏப்ரல் 27 அன்று, எதிர்ப்புக்கும் சுதந்திரத்துக்குமான தேசிய அருங்காட்சியகமாக முழுமையாகத் திறந்தார்கள். கைதிகள் உறவினரைக் கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து பார்த்த அறை அப்படியே இருக்கிறது. சிறை ஜன்னலுக்கு வெளியே கேட்பது அதே கடல். போர்ச்சுகலில் ஓடுகளும் மடாலயங்களும் பார்க்க எங்கேயும் இடம் உண்டு. அந்த நாடு எதிலிருந்து மீண்டது என்பதை இவ்வளவு நேராகக் காட்டும் இடம் வெகு குறைவு. திங்கட்கிழமை போய் நிற்காதீர்கள், போர்ச்சுகல் அருங்காட்சியகங்களுக்கு அதுதான் பொதுவாக விடுமுறை.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஊரின் புதிய பகுதி வெறும் அடுக்குமாடி. துறைமுகப் பக்கம் மீன் வாடையும் தொழிற்சாலைக் கூரையும்தான். மாலை நடைக்கு எரிசெய்ராவின் தெருக்கள் போல எதுவும் இங்கே இல்லை. பலியால் ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அங்கேயே தங்கிவிடுவார்கள். அப்போது கோட்டையும் துறைமுகமும் பார்க்கத் தனியாக வர வேண்டும், சைக்கிள் போதும். அழகுதான் முதல் தேவை என்றால், பெனீஷிலிருந்து 25 கிலோமீட்டரில் மதில் சூழ்ந்த ஓபிடோஸ் இருக்கிறது. குழந்தைகள் இருந்தால் லோரின்யாவின் டைனோசர் பூங்காவும் பக்கம்.

பெனீஷிலிருந்து பத்துக் கிலோமீட்டர் கடலில் பெர்லெங்கா தீவு. செந்நிறக் கருங்கல், கடற்பறவைகள், பாலம் போட்டு இணைத்த ஒரு கோட்டை. ஒரே நேரத்தில் தீவில் இருப்போர் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. முன்கூட்டிப் பதிவு செய்து கட்டணம் கட்ட வேண்டும். படகுகள் பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரை ஓடும், கடல் முரண்டு பிடித்தால் அந்த மாதங்களிலும் ரத்தாகும். போகும் வழியில் படகு ஆடும் ஆட்டத்துக்கு வயிறு தாங்காதவர்கள் மாத்திரை போட்டுக்கொண்டு ஏறுவது நல்லது. தீவுக்குத் தங்கலின் முதல் நாளையே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ரத்தானால் அடுத்த நாள் கையில் இருக்கும்.

தண்ணீரில் இறங்குகிறவர்களுக்கு

மூன்று ஊருக்கும் பொது: கடல் குளிரும். கோடையிலும் 20 டிகிரியைத் தொடுவது அரிது, குளிர்காலத்தில் 14, 15. ரப்பர் உடை இல்லாமல் சர்ஃபிங் வகுப்புக்கு யாரும் இறக்க மாட்டார்கள், பள்ளியே கொடுக்கும். கடற்கரைக் கொடியை மதியுங்கள். பச்சை என்றால் நீந்தலாம், மஞ்சள் என்றால் இறங்கலாம் ஆனால் நீந்தக் கூடாது, சிவப்பு என்றால் காலை நனைக்கவும் வேண்டாம். உயிர்காப்பாளர்கள் கோடை மாதங்களில் மட்டும் இருப்பார்கள். நசரேயின் வடக்குக் கடற்கரையில் அலை சிறிதாகத் தெரியும் நாளிலும் உள்ளிழுக்கும் நீரோட்டம் பலமானது. அங்கே குளிக்கவே வேண்டாம். 2023 ஜனவரியில் பெரிய அலைகளில் பல ஆண்டு பழகிய பிரேசில்காரர் மார்சியோ ஃப்ரெய்ரே அங்கேதான் உயிரிழந்தார்.

எனில், எப்போது எது

மே, ஜூன், செப்டம்பர் மாதங்களில் வருகிறவர்கள் பெனீஷில் இரண்டு ராத்திரி தங்கி, ஒரு நாள் பெர்லெங்காவுக்கும் ஒரு நாள் கோட்டைக்கும் பலியாலுக்கும் வைத்துக்கொள்ளலாம். மூன்றாம் ராத்திரி இருந்தால் கருவாட்டுக்காகவும் சீத்தியோவுக்காகவும் நசரே. ஆகஸ்டில் வேறு வழியில்லாமல் வருகிறவர்களுக்கு மூன்றுமே நெரிசல். அப்போதும் பெனீஷில்தான் கொஞ்சம் மூச்சு விட இடம் இருக்கும், கடற்கரைகள் அத்தனை நீளம். ஆகஸ்டில் பயண மாதாவின் திருவிழா பெனீஷிலும் எரிசெய்ராவிலும் நடக்கும், மாதா படகில் ஏறிக் கடலுக்குப் போவார். அதைப் பார்க்க நெரிசலைப் பொறுத்துக்கொள்ளலாம். வயதான பெற்றோரோடு, கார் இல்லாமல், லிஸ்பனில் அறையைக் காலி செய்யாமல் என்றால் யோசிக்காமல் எரிசெய்ரா.

குளிர்காலத்தில் வருகிறவர்களும் பெனீஷில் தங்குவதே சரி, பெர்லெங்கா மட்டும் கிடையாது. அங்கிருந்து நசரே 65 கிலோமீட்டர் அளவுதான், காரில் ஒரு மணிக்குள். முன்னறிவிப்பு பெரிய அலையைக் காட்டினால் விடிவதற்கு முன் கிளம்பிவிடுங்கள். அன்றைக்குச் சீத்தியோவின் தெருக்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், கோட்டைக்குப் போகும் பாதையில் வண்டிகளை விட மாட்டார்கள். காரைக் கீழே கடற்கரைப் பக்கம் நிறுத்திவிட்டு இழுவை ரயிலில் மேலே போங்கள். தொலைநோக்கி, காற்று புகாத சட்டை, ஒரு பாட்டில் சூடான டீ எடுத்துக்கொண்டால் மாலை வரை கோட்டை முனையிலேயே நிற்கலாம். முன்னறிவிப்பு ஒன்றும் காட்டவில்லை என்றால் பெனீஷிலேயே இருந்து சூப்பர்டூபோஸுக்கு நடங்கள், குளிர்காலத்தில் அங்கே அலை இல்லாத நாள் குறைவு.